நாலு தெரு ஊருக்கு நாலு பாங்க்: ஆஸ்திரேலிய நாட்டுப்புற ஊர்களின் பழைய வங்கிக் கட்டடங்கள்

வெள்ளாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது விக்டோரியா மாநிலத்தில், பாலரட்டிலிருந்து வடக்கே போகும் சாலையில் ஒரு சின்ன ஊர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

நைட் டியூட்டி முடிந்து நடந்து வரும்போது கடைத்தெருவில் ஒரு கட்டடத்தை தினமும் பார்க்கிறேன். கீழும் மேலுமாக இரண்டு தளம். வளைவு வைத்த ஜன்னல்கள், வாசலுக்கு இரண்டு பக்கமும் அரைத்தூண்கள். சுற்றியிருப்பதெல்லாம் தகரக் கூரை போட்ட ஒற்றைத் தளக் கடைகள். இது மட்டும் ஏதோ பெரிய நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த மாதிரி நிற்கிறது. இப்போது அதில் காபிக் கடை நடக்கிறது. பழைய பாங்க் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த பாங்க் என்று கேட்டால் ஒருவர் யூனியன் பாங்க் என்கிறார், இன்னொருவர் நியூ சவுத் வேல்ஸ் பாங்க் என்கிறார். உச்சியில் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பூசி மெழுகிவிட்டார்கள்.

அதே தெருவில் இன்னும் மூன்று பழைய பாங்க் கட்டடங்கள் இருக்கின்றன. இன்று ஊரில் ஒரு கிளைகூட இல்லை. என்னிடம் வரும் வயதானவர்கள் பென்ஷன் விஷயமாக ஒரு கையெழுத்து போட நாற்பது நிமிஷம் கார் ஓட்டிப் போகிறார்கள். இவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு அன்றைக்கு நாலு பாங்க்? அதுவும் இவ்வளவு பெரிதாக? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

காரைச்சுவர் எழுதியது:

தங்கச்சி, நல்ல கேள்வி. பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். விக்டோரியாவில் இந்த மாதிரி பாங்க் கட்டடங்கள் பலவற்றின் மேல் சாரம் கட்டி ஏறியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் இன்று சின்ன ஊர். 1850களில் அப்படி இல்லை. 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். தோண்டுபவனுக்குக் கிடைப்பது தூளும் துணுக்கும். அதை வைத்துக்கொண்டு அவன் ரொட்டி வாங்க முடியாது. பாங்க் ஆள் கவுன்டரிலேயே தராசு வைத்து நிறுத்து, தரம் பார்த்து, காசு கொடுத்து வாங்கிக்கொண்டான். அதாவது அன்றைய கிளை முதலில் தங்கம் வாங்கும் கடை. வைப்பு, கடன் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. பக்கத்து பாங்க் அவுன்ஸுக்கு சில பென்ஸ் கூடக் கொடுத்தால் கூட்டம் அங்கே ஓடிவிடும். ஒரே தெருவில் நாலு பாங்க் வந்தது இந்தப் போட்டியால்தான்.

ஆரம்பத்தில் கூடாரத்திலும் பலகைக் கொட்டகையிலும்தான் நடத்தினார்கள். ஊர் நிலைக்கும் என்று தெரிந்த பிறகு கல்லிலும் செங்கல்லிலும் எழுப்பினார்கள். விக்டோரியாவில் இந்த வேலையில் அதிகம் அடிபடும் பெயர் லெனார்ட் டெர்ரி. பாலரட்டில் லிடியார்ட் தெருவுக்குப் போனால் அவர் வரைந்த பாங்க்குகளை வரிசையாகப் பார்க்கலாம். இத்தாலிய மாளிகையின் முகத்தைச் சுருக்கி நாட்டுப்புறத் தெருவில் வைப்பதுதான் அவருடைய பாணி. நியூ சவுத் வேல்ஸ் பக்கம் கமர்ஷியல் பாங்கிங் கம்பெனி ஆஃப் சிட்னிக்கு மான்ஸ்ஃபீல்ட் சகோதரர்கள் ஏராளமான கிளைகளைக் கட்டிக் கொடுத்தார்கள். இங்கிலிஷ் ஸ்காட்டிஷ் அண்ட் ஆஸ்திரேலியன் பாங்க்குக்கு வில்லியம் வார்டெல். பெர்ரி என்ற ஊரில் அவர் வரைந்த 1889ஆம் வருஷக் கிளை இன்று ஊர் அருங்காட்சியகம்.

முகப்பை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பக்கவாட்டுச் சந்தில் போய் இன்னொரு கதவு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டாயம் இருக்கும். முன்வாசல் பாங்க்குக்கு, பக்கவாசல் மேனேஜர் குடும்பத்துக்கு. கீழே வங்கிக் கூடம், மேனேஜர் அறை, ஸ்ட்ராங் ரூம். மேலே படுக்கையறைகள். பின்னால் சமையல்கட்டு, குதிரை லாயம், கிணறு. பணம் இருக்கும் இடத்தில் மேனேஜர் படுத்துத் தூங்க வேண்டும் என்பது விதி. கல்யாணமாகாத கிளார்க் பையன்களும் அங்கேயேதான் தங்கினார்கள், கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கியோடு.

பின்கட்டில் புகைபோக்கி வைத்த தனிச் செங்கல் அறை ஏதாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். சில தங்க ஊர்களில் பாங்க்கே உலை வைத்து, மூசையில் தங்கத்தை உருக்கிப் பாளமாக்கித்தான் மெல்பர்னுக்கு அனுப்பியது.

---

பேரேடு எழுதியது:

காரைச்சுவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தமிழ்நாட்டில் முப்பத்தாறு வருஷம் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகனோடு இப்போது பென்டிகோவில் இருக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு தனியார் பாங்க்கும் தன் பெயரில் தானே நோட்டு அச்சடித்து வெளியிட்டது. 1910இல் சட்டம் வந்து, அரசாங்கம் நோட்டு அடிக்க ஆரம்பித்து, தனியார் நோட்டுக்குப் பத்து சதவீத வரி போட்ட பிறகுதான் அது நின்றது. அதுவரை உங்கள் கையில் இருக்கும் ஐந்து பவுண்டு நோட்டு ஒரு கம்பெனி கொடுத்த வாக்கு, அவ்வளவுதான். டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது, ரிசர்வ் பாங்க் கிடையாது. அப்படியானால் ஒரு குடியானவன் எதை நம்பி நோட்டை வாங்குவான்? அந்தச் சுவரைப் பார்த்துத்தான். இரண்டடி கனத்தில் கல்லும் தூணும் நிற்பதைப் பார்த்தால் நாளைக்கு இவன் ஓடிவிட மாட்டான் என்று தோன்ற வேண்டும். அதற்குச் செலவழித்த பணத்தை ஆடம்பரம் என்று நான் எழுத மாட்டேன். அன்றைய கணக்கில் அது தொழில் மூலதனம்.

எங்கள் காலத்திலும் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். ஒருவர் லீவு போட்டால் சாவியைக் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். இங்கே ஒரு பழைய கிளையின் இரும்புக் கதவில் இரண்டு சாவித்துவாரத்தைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

---

களத்துமேடு எழுதியது:

எல்லோரும் தூணையும் வளைவையும் பேசுகிறீர்கள். நான் விம்மெரா கோதுமைப் பகுதியில் பண்ணை வேலையில் இருக்கிறேன். என் முதலாளி குடும்பம் நாலு தலைமுறையாக இங்கே. அவர்கள் வீட்டில் பாங்க் என்ற சொல்லைச் சொன்னாலே பெரியவர் முகம் மாறும்.

1860களில் நிலச்சட்டங்கள் வந்து சின்ன விவசாயிகளுக்குக் காணி கிடைத்தது. காட்டை அழிக்க, வேலி போட, விதை வாங்கக் கடன் வேண்டும். கடனுக்கு அடமானம் அதே காணி. இரண்டு வருஷம் மழை பொய்த்தால் நிலம் போச்சு. பேர்போன கொள்ளைக்காரன் நெட் கெல்லி தன் கும்பலோடு 1879 பிப்ரவரியில் ஜெரில்டரியில் பாங்க் ஆஃப் நியூ சவுத் வேல்ஸைக் கொள்ளையடித்தபோது பணத்தோடு நிறுத்தவில்லை. பாங்கின் கடன் புத்தகங்களையும் பத்திரங்களையும் நெருப்பில் போட்டான். அவனைக் கொலைகாரன் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், மூன்று போலீஸ்காரர்கள் அவர்கள் கையால் செத்தது உண்மைதான். ஆனால் அந்த நெருப்பைப் பற்றி இன்றும் ஏன் ஊருக்கு ஊர் பேசுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டடத்துக்குக் கல் வாங்கிய காசு யாருடைய வட்டி?

---

காரைச்சுவர் எழுதியது:

களத்துமேடு, நீங்கள் சொன்ன வட்டியை நான் மறுக்கவில்லை. கெல்லி விஷயத்திலேயே இன்னொரு பக்கம் இருக்கிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, 1878 டிசம்பர் 10, யூரோவா ஊரில் நேஷனல் பாங்க். இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் எடுத்தார்கள். மேனேஜர், அவர் மனைவி, குழந்தைகள், வேலைக்காரர்கள் எல்லோரும் அதே கூரையின் கீழ்தான் குடியிருந்தார்கள். அத்தனை பேரையும் வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஆட்டுப் பண்ணைக்குக் கொண்டுபோய் அடைத்தான். ஜெரில்டரியில் பாங்க்கும் ஹோட்டலும் ஒட்டினாற்போல் இருந்தன. மேனேஜரைக் குளியல் தொட்டியில் வைத்துத்தான் பிடித்தார்கள். கெல்லியின் புகழ்பெற்ற அந்த நீண்ட கடிதம் கைமாறியதும் அங்கே ஒரு பாங்க் கணக்கரிடம்தான். அது இப்போது விக்டோரியா மாநில நூலகத்தில் இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். வெறும் அலுவலகமாக இருந்தால் சாயங்காலம் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இது வீடு. கடன் கொடுக்க மறுத்த மேனேஜரின் பெண்டாட்டியும் கடன் கிடைக்காதவன் பெண்டாட்டியும் ஒரே கடையில் மாவு வாங்கினார்கள், ஒரே சர்ச்சில் உட்கார்ந்தார்கள். ஊரின் கோபமும் மரியாதையும் அந்தப் பக்கவாசல் வரைக்கும் வந்தன. இன்று பாங்க் மேல் கோபப்பட்டால் எந்த வாசலில் போய் நிற்பது?

---

வடக்குவாசல் எழுதியது:

குவீன்ஸ்லாந்து பக்கமும் வாருங்கள். டவுன்ஸ்வில்லிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சார்ட்டர்ஸ் டவர்ஸ். அதுவும் தங்க ஊர். 1891இல் ஆஸ்திரேலியன் ஜாயின்ட் ஸ்டாக் பாங்க் கட்டிய கிளை அங்கே இருக்கிறது. இன்று அது வேர்ல்ட் தியேட்டர் என்ற கலையரங்கத்தின் முகப்பு. முன்னால் நின்று பார்த்தால் பாங்க், உள்ளே போனால் நாடக மேடை.

இங்கே வெயிலும் கறையானும். தெற்கே மாதிரி எல்லா இடத்திலும் கல் கிடைக்காது. வடக்கே கார்ப்பென்டேரியா வளைகுடாப் பக்கம் நார்மன்டனில் பாங்க் ஆஃப் நியூ சவுத் வேல்ஸ் 1880களில் கட்டியது முழுக்க மரம். சுற்றிலும் அகலமான வராந்தா. ஆனாலும் வாசலுக்கு மேல் முக்கோண நெற்றி வைக்காமல் விடவில்லை. பலகையில்கூட பாங்க் என்றால் பாங்க் மாதிரி தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

---

மலைநாட்டான் எழுதியது:

நான் இலங்கையில் ஹட்டன் பக்கம். இந்தக் கதையில் எங்கள் ஊரும் வருது என்பதால் எழுதுறேன்.

ஓரியண்டல் பாங்க் கார்ப்பரேஷன் என்று ஒன்று. தங்க ஓட்டத்தில் ஆஸ்திரேலியாவிலும் கிளை போட்டுத் தங்கம் வாங்கிய பாங்க் அது. அதே பாங்க்தான் கோப்பிக் காலத்தில் இலங்கை தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தது. அதன் நோட்டுகள் இங்கே புழங்கின. இலை நோய் வந்து கோப்பி அழிந்தது, தோட்டத் துரைமார் கடன் கட்டவில்லை, 1884 மே மாதம் பாங்க் கதவைச் சாத்தியது. நோட்டு வைத்திருந்தவன் கதி என்ன? அன்றைய கவர்னர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்ததால்தான் தீவு தப்பித்தது. அடுத்த வருஷத்திலிருந்து அரசாங்கமே நோட்டு வெளியிட்டது.

பேரேடு ஐயா சொன்ன "கம்பெனி கொடுத்த வாக்கு" உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி. சுவர் எவ்வளவு கனமாக இருந்தும் என்ன, அது நின்றது கோப்பி வேரில்தானே.

---

பேரேடு எழுதியது:

மலைநாட்டான் தம்பி, ரொம்ப நன்றி. அந்த உடைப்பு ஒன்பது வருஷத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் வந்தது. 1880களில் மெல்பர்னில் நிலத்தின் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். லண்டனிலிருந்து டெபாசிட் வந்து கொட்டியது. 1893 ஏப்ரலில் கமர்ஷியல் பாங்க் ஆஃப் ஆஸ்திரேலியா பணம் கொடுப்பதை நிறுத்தியது. அடுத்த சில வாரங்களில் நோட்டு வெளியிட்ட பாங்க்குகளில் பாதிக்கு மேல் கதவைச் சாத்திவிட்டன. விக்டோரியா அரசாங்கம் மே முதல் வாரத்தில் பாங்க் விடுமுறை அறிவித்தது. அப்போதும் பாங்க் ஆஃப் ஆஸ்திரலேசியாவும் யூனியன் பாங்க்கும் திறந்தே இருந்தன. மூடியவற்றில் பல, டெபாசிட்டை ஆண்டுக்கணக்கில் முடக்கியும் பங்காக மாற்றியும் மறுபடி எழுந்தன. கிராமத்தில் பால் விற்றுச் சேர்த்தவனுக்கு அந்த முடக்கம் என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதனால்தான் 1911இல் கூட்டாட்சி அரசே காமன்வெல்த் பாங்க்கைத் தொடங்கியபோது மக்கள் அதை நம்பினார்கள். 1912இல் சேமிப்புக் கணக்கை அது தபால் ஆபீஸ் மூலமாகவே ஆரம்பித்தது. நாட்டுப்புறத்தில் தூண் வைத்த கட்டடமே இல்லாமல் ஊர் ஊராக பாங்க் வந்துவிட்டது.

---

காரைச்சுவர் எழுதியது:

இப்போது வெள்ளாறின் முதல் கேள்விக்கு வருகிறேன், எந்த பாங்க் என்று. பெயர்களின் வம்சத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பாங்க் ஆஃப் ஆஸ்திரலேசியாவும் யூனியன் பாங்க்கும் 1951இல் சேர்ந்து ஏ.என்.இசட். ஆயின. 1970இல் இங்கிலிஷ் ஸ்காட்டிஷ் அண்ட் ஆஸ்திரேலியனும் அதில் கரைந்தது. அந்த இங்கிலிஷ் ஸ்காட்டிஷ் ஏற்கெனவே 1921இல் லண்டன் பாங்க்கை விழுங்கியிருந்தது. கொலோனியல் பாங்க் 1918இல் நேஷனலில் போனது. பாங்க் ஆஃப் விக்டோரியா 1927இல் சிட்னி கமர்ஷியலில் போனது. 1817இல் பிறந்த, நாட்டின் முதல் பாங்க்கான நியூ சவுத் வேல்ஸ் 1982இல் வெஸ்ட்பேக் ஆனது.

ஒவ்வொரு இணைப்பிலும் ஒரே தெருவில் ஒரே முதலாளிக்கு இரண்டு கட்டடம் மிஞ்சும். ஒன்றை விற்பார்கள். டாக்டர் வாங்குவார், வக்கீல் வாங்குவார், பிறகு காபிக் கடை, தங்கும் விடுதி. கிளைகள் இன்று நேற்று மூடத் தொடங்கவில்லை. நூறு வருஷமாக ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டுதான் இருக்கின்றன. கடைசிக் கிளை போகும்போதுதான் வலி தெரிகிறது.

கட்டடத்தை எடுத்துவிட்டு ஸ்ட்ராங் ரூம் மட்டும் மிஞ்சிய ஊரும் உண்டு. வால்ஹல்லா, கிப்ஸ்லாந்து மலையிடுக்கில். பாங்க் ஆஃப் விக்டோரியா இருந்த இடத்தில் அதன் செங்கல் பெட்டகம் மட்டும் தனியாக நிற்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் தங்கம் போன வழி அது.

டனோலியையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1869 பிப்ரவரி 5, மோலியாகுல் பக்கம் இரண்டு பேருக்கு மண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே ஒரு தங்கக் கட்டி அகப்பட்டது. எழுபது கிலோவுக்கு மேல். உலகத்திலேயே பெரியது என்று சொல்லப்படும் வெல்கம் ஸ்ட்ரேஞ்சர். டனோலியில் லண்டன் சார்ட்டர்ட் பாங்க்குக்கு எடுத்துப் போனார்கள். பாங்க் தராசு தாங்காது. கொல்லரைக் கூப்பிட்டு, பட்டடையில் வைத்து, வெட்டித் துண்டுகளாக்கித்தான் நிறுத்தார்கள். அந்தப் பட்டடையை இன்றும் ஊர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

வெள்ளாறு, உங்களுக்கு ஒரு வேலை. மழை பெய்து விட்டு ஒரு மணி நேரம் கழித்து அந்தக் கட்டடத்தின் நெற்றியைப் பாருங்கள். பழைய எழுத்துகளைச் செதுக்கிவிட்டுப் பிறகு பூசிய ஒட்டு, பழைய காரையோடு ஒரே வேகத்தில் காயாது.

---

களத்துமேடு எழுதியது:

காரைச்சுவர் கேட்ட "எந்த வாசலில் போய் நிற்பது" என்ற கேள்வி இரண்டு நாளாக மனசில் ஓடுகிறது. பெரியவரிடம் சொன்னேன். நீண்ட நேரம் கழித்து, "அந்த மேனேஜருக்கு எங்கள் வயல் தெரியும்" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களான ரூபன்யப், மின்யிப் இரண்டிலும் பெரிய பாங்க்குகள் போய்விட்ட பிறகு, 1998 ஜூனில் ஊர்க்காரர்களே பங்கு போட்டுப் பணம் திரட்டி, பென்டிகோ பாங்க்கோடு ஒப்பந்தம் செய்து, தங்கள் சொந்தக் கிளையைத் திறந்தார்கள். நாட்டில் சமூக வங்கி என்ற முறையே இந்த இரண்டு ஊரில்தான் தொடங்கியது. லாபத்தில் ஒரு பங்கு ஊருக்கே திரும்பி வரும். தூண் இல்லை, பளிங்கு இல்லை. நம்பிக்கைக்குக் கல்தான் வேண்டும் என்பதில்லை.

---

பேரேடு எழுதியது:

உண்மை. நான்கு பெரிய பாங்க்குகளும் 2027 ஜூலை வரை நாட்டுப்புறக் கிளைகளை மூடுவதில்லை என்று 2025இல் அரசாங்கத்திடம் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பிறகு? வெள்ளாறு சொன்ன நாற்பது நிமிஷக் கார்ப் பயணம் எனக்கு வெறும் தூரமாகத் தெரியவில்லை. கை நடுங்கும் கிழவர் ஒருவரின் கையெழுத்தைப் பார்த்து, இது அவர்தான் என்று சொல்லக்கூடிய ஆள் ஊரில் இல்லாமல் போவதுதான் அதில் உள்ள நஷ்டம்.

---

வெள்ளாறு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த இழையை ஆஸ்பத்திரியில் இடைவேளையில் ஒவ்வொரு நாளும் படித்தேன். போய்ப் பார்த்துவிட்டேன்.

காபிக் கடை அம்மா தாராளமாக உள்ளே விட்டார். சமையலறைக்குப் பின்னால் ஸ்ட்ராங் ரூம், மாவு மூட்டைகளும் சர்க்கரையும் அடுக்கியிருக்கிறது. கோடையிலும் உள்ளே ஜில்லென்று இருக்குமாம். இரும்புக் கதவு பச்சை பெயின்ட்டுக்கு மேல் பெயின்ட்டாக அப்பிக் கிடக்கிறது. பேரேடு ஐயா, சாவித்துவாரம் இரண்டு. சின்ன பித்தளை மூடி ஒன்றில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. விரலால் தள்ளினால் இன்னும் வழுக்கிக்கொண்டு நகர்கிறது.

பக்கவாசல் இருக்கிறது. அதன் படிக்கல் நடுவில் கிண்ணம் மாதிரி தேய்ந்திருக்கிறது. முன்வாசல் படி அந்த அளவு தேயவில்லை. குழந்தைகள் ஓடி ஓடித் தேய்த்தது என்று நினைத்துக்கொண்டேன்.

காரைச்சுவர் அண்ணா, பின்கட்டில் புகைபோக்கி வைத்த செங்கல் அறையும் இருக்கிறது! ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். உலை இல்லை. செங்கல் மேடையில் பதித்த பெரிய செம்பு அண்டா. துணி வெளுக்கும் அறை. முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு அந்த அண்டாவின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாக இருந்தது. கைக்கோல் வைத்துக் கிளறிய பக்கம்.

நேற்று மத்தியானம் நல்ல மழை. விட்டதும் குடையோடு எதிர்க் கடை ஓரத்தில் நின்றேன். முக்கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சுவர் வெளிற வெளிற, ஒட்டுப் போட்ட இடங்கள் மட்டும் கறுப்பாக நின்றன. முதல் சொல் முழுதாகப் படிக்க முடிந்தது. லண்டன். அடுத்த சொல்லில் முதல் நாலு எழுத்தும் கடைசி இரண்டும்.

---

காரைச்சுவர் எழுதியது:

அடுத்தது சார்ட்டர்ட். 1893இல் கதவைச் சாத்தி மறுபடி திறந்தபோது அந்தச் சொல்லை விட்டுவிட்டு லண்டன் பாங்க் ஆனார்கள். உங்கள் சுவர் அதற்கு முந்தியது. அடுத்த மழைக்குப் போட்டோ எடுத்து வையுங்கள் தங்கச்சி, அந்தக் காபிக் கடை அம்மாவிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.